கேட்பதும் ஒரு கல்வியே

புறநோயாளிகள் பிரிவின் வாசலில் ஒரு பெரியவர் சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கழுகுமலைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மானாவாரி நிலம் வைத்து உழுது வருபவர். சர்க்கரை நோயால் காலில் புண் ஏற்பட்டு, ஒரு விரலை அகற்ற நேர்ந்திருந்தது. புண் நன்றாகவே ஆறி வந்தது. ஆனால், மூன்று வாரங்களாக அவருக்கு உணவு செல்லவில்லை, உறக்கமும் இல்லை என்று மகள் சொன்னதால், மருத்துவர் சீட்டில் ‘கவுன்சிலிங்’ என்று எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார். பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “கவுன்சிலிங்னு எழுதியிருக்காகளே தாயி, அது எம் பேத்திக்கில்லா? அவதான் இந்த வருசம் பன்னெண்டாவது முடிக்கா. எனக்கு எதுக்குக் கவுன்சிலிங்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். (அவருடைய இசைவைப் பெற்று, அடையாளங்களைச் சற்று மாற்றியே இதனை எழுதுகிறேன்.) அவர் கேட்டதில் பிழையொன்றும் இல்லை. நம் பக்கத்தில் கவுன்சிலிங் என்றால் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. ஆசிரியர் வீடுகளில் பணியிட மாறுதல். நோயுற்றவரின் மனத்துக்குத் துணை நிற்கும் பணிக்கும் அதே பெயர் என்பதைப் பலர் அறியார். தமிழில் அதனை ‘மனநல ஆலோசனை’ என்கிறோம். அச்சொல்லும் சற்று வழிதவறச் செய்கிறது. ஆலோசனை சொல்வோருக்கு நோயாளியின் வீட்டில் பஞ்சமே இல்லை. இன்ன வேரை அரைத்துக் குடி, இன்ன கோவிலுக்கு நேர்ந்துகொள், மனத்தைத் தளரவிடாதே என்று வருவோர் போவோர் எல்லாரும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். இலங்கைத் தமிழர் இப்பணியை ‘உளவளத்துணை’ என்று வழங்குகின்றனர். அதிலுள்ள ‘துணை’ என்னும் சொல்லே இதன் இயல்புக்கு மிக நெருக்கமானது.

இத்துணைப்பணி ஒரு பிறவிக் குணம் என்றும், நல்ல மனம் இருந்தால் எவரும் செய்யலாம் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணம் பாதி உண்மையே. நல்ல மனம் இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. கேட்பது என்பது முறையாகக் கற்று, பிறர் மேற்பார்வையில் பழகித் தேற வேண்டிய கல்வி. அக்கல்வி கரிசல் மண்ணின் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இன்று அது மேலும் விலகிச் செல்லும் நிலை வந்திருக்கிறது. இவ்விதழைப் படிக்கும் நோயாளிகளும் குடும்பத்தாரும் இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதே என் விருப்பம்; ஏனெனில் நாளை உங்கள் கட்டிலருகே வந்து அமரப்போகிறவர் யார் என்பது இதனைப் பொறுத்தே அமையும்.

நல்ல மனம் செய்த பிழை

பிறரைக் குறை கூறுமுன் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின் தொடக்க மாதங்களில், பக்கவாதத்தால் பேச்சிழந்து கிடந்த ஒருவரின் மனைவியிடம் நான் அனுப்பப்பட்டேன். அந்த அம்மாள் அழுதார். அவர் அழுவதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “கவலைப்படாதீங்க அம்மா, எல்லாம் சரியாயிரும்” என்றேன். அவர் அழுகையை நிறுத்தினார். நன்றாகச் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு நான் திரும்பினேன்.

ஆறு வாரங்கள் கழிந்து மறுபரிசோதனைக்கு வந்தபோது கணவருக்குப் பேச்சு திரும்பியிருக்கவில்லை. அந்த அம்மாள் என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. “சரியாயிரும்னு நீங்க சொன்னீகளே, நான் அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்” என்று மட்டும் சொன்னார். பொருள் தெரிந்த எவரும் தந்திருக்க முடியாத உறுதிமொழியை நான் தந்திருந்தேன். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் இருந்தது. அன்று அவர் அழுகையை நிறுத்தியது ஆறுதல் அடைந்ததால் அன்று. நான் அதைக் கேட்க விரும்பவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டதால்தான். இனி வீட்டுச் செலவுக்கு என்ன வழி, கணவரை யார் தூக்கி உட்கார வைப்பது, இரவில் தனியாக எப்படிச் சமாளிப்பது என்பன போன்று அவரிடம் இருந்த வினாக்கள் எல்லாம் என் ஒரே வாக்கியத்தால் வாயடைபட்டுப் போயின.

அன்று எனக்கு இருந்தது இரக்கம். இல்லாதிருந்தது பயிற்சி.

அங்கே என்ன கற்பிக்கிறார்கள்?

உளவியல் படிப்பு என்றால் பிறர் மனத்தில் இருப்பதைக் கண்டறியும் வித்தை என்று நினைத்து வருவோர் உண்டு. முதல் பருவத்திலேயே அந்த எண்ணம் கலைந்துவிடும். புலனறிவு, நினைவு, கற்றல், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வளர்ச்சி, மூளையும் நரம்பு மண்டலமும் இயங்கும் முறை, மனநோய்களின் வகைகள், உளவியல் சோதனைகள், ஆய்வு முறை, புள்ளியியல் ஆகியவை பாடங்களாக வருகின்றன. கணக்கு வேண்டாம் என்று இப்படிப்பைத் தேர்ந்தவர்கள் புள்ளியியலைக் கண்டு திகைப்பதும் உண்டு. ஆனால் அது தேவையானது. ஒரு சிகிச்சை பயன் தருகிறது என்று எவரேனும் சொன்னால், எத்தனை பேருக்கு, எதனோடு ஒப்பிட்டு என்று கேட்கும் பழக்கத்தை அதுவே தருகிறது.

துணைப்பணித் திறன்கள் வேறு விதமாகக் கற்பிக்கப்படுகின்றன. மாணவர்கள் மூவர் மூவராக அமர்வார்கள். ஒருவர் துயரத்தைச் சொல்பவர், ஒருவர் கேட்பவர், மூன்றாமவர் பார்த்துக் குறித்துக்கொள்பவர். பத்து நிமிடம் முடிந்ததும் குறிப்பு வாசிக்கப்படும். “நான்கு முறை குறுக்கிட்டாய், ஆம், இல்லை என்று மட்டுமே விடை வரக்கூடிய கேள்விகளாகக் கேட்டாய், அவர் தந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது நீ பேச்சை மாற்றினாய்” என்று தோழியே சொல்லும்போது முகம் சிவந்துபோகும். ஆயினும் அப்போதுதான் தன் செவியின் குறை ஒருவருக்குத் தெரிய வருகிறது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், துணை நாடி வந்தவர் மாற்றம் அடையத் தேவையான நிலைகளை வகுத்துரைத்தார். அவற்றுள் கேட்பவரிடம் இருக்க வேண்டியவை மூன்று: அவர் இடத்தில் நின்று உணரும் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, போலியின்மை. கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும் இவற்றைக் கைக்கொள்வது அரிது. மது அருந்திக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவரின் முன் அமர்ந்து, அவர் மீது உள்ளுக்குள் தீர்ப்பு எழுதாமல் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள், அப்போது விளங்கும்.

மருத்துவமனைக்கே உரிய திறன்களும் உள்ளன. கொடிய செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கு 2000ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்களுக்காக ஆறு படிகள் கொண்ட ஒரு முறை வெளியிடப்பட்டது. தனிமையான இடத்தில் அமரச் செய்தல், நோயாளி இதுவரை என்ன அறிந்திருக்கிறார் என்று முதலில் கேட்டல், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று வினவுதல், எளிய சொற்களில் சிறிது சிறிதாகச் சொல்லுதல், எழும் உணர்ச்சிக்கு இடம் தருதல், அடுத்து என்ன செய்வது என்று தொகுத்துத் திட்டமிடுதல் என்பவை அப்படிகள். இவற்றில் முதல் மூன்று படிகளும் செய்தியைச் சொல்லுவதற்கு முந்தியவை என்பதைக் கவனியுங்கள். நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. மகனைத் தனியே அழைத்துச் சொல்கிறோம், தாய்க்கு மறைக்கிறோம். தாய்க்கோ எல்லாம் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் மறைக்கிறார். ஒரே அறையில் இருவரும் ஒருவருக்கொருவர் காவல் நிற்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறப்பதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.

தமிழ்நாடு கண்ட வழி

இந்தியாவில் உளவியலுக்கான முதல் துறை 1916ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அத்துறை 1943ஆம் ஆண்டு தோன்றியது. ஆக, இக்கல்வி நமக்குப் புதிதன்று.

குடும்பத்தாரைப் பொறுத்தவரை, தமிழ்நாடு பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்து வைப்பதே உலகெங்கும் வழக்கமாக இருந்த காலத்தில், அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே தங்கச் செய்தார். அம்முறையைப் பின்பற்றி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957ஆம் ஆண்டு முதலே உறவினரோடு நோயாளியைச் சேர்த்துக்கொண்டு சிகிச்சை தந்தது. பராமரிப்பவரும் சிகிச்சையில் ஓர் அங்கம் என்னும் கொள்கை நம் மண்ணில் அவ்வளவு முன்பே வேரூன்றிவிட்டது. மருத்துவர் சாரதா மேனன் 1984ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நாள்பட்ட மனநோயாளியைப் பராமரிப்பவரின் சுமையை அளந்தறிய 40 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கி 1998ஆம் ஆண்டு வெளியிட்டனர். நோயாளியின் துன்பத்தை மட்டுமன்றி, அவரைப் பார்த்துக்கொள்பவரின் துன்பத்தையும் கேட்டறிய வேண்டும் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

இத்தகைய துணை கிட்டாத இடத்தில் என்ன நேரும் என்பதையும் இதே தமிழ்நாடு கண்டது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், நமக்கு அடுத்துள்ள இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டுவிட்ட குடும்பங்கள் எல்லாம் கொடியவை அல்ல. வேறு வழி தெரியாதவை. வழி சொல்ல எவரும் அருகில் இல்லாதவை.

அந்த வெற்றிடம் இன்னும் நிரம்பவில்லை. நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. நோயின் வகைக்கேற்ப அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர்.

சாத்தப்பட்ட கதவு

இந்நிலையில்தான் 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவ மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளை இனித் தொலைநிலை முறையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது. 2025 ஜூலை–ஆகஸ்ட் கல்வியாண்டிலிருந்து மாணவரைச் சேர்க்கவும் கூடாது என்பது அதன் சாரம். உளவியலும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இம்முடிவின் பின்னுள்ள காரணத்தை நான் ஏற்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அஞ்சலில் வந்த பாடப் புத்தகத்தைப் படித்துத் தேர்வெழுதிய ஒருவர், எவரையும் நேரில் கேட்டுப் பழகாமலேயே வாசலில் பலகை மாட்டிக்கொள்வது நோயாளிக்குத் தீங்கு. என் இரக்கம் செய்த பிழையை மேலே சொன்னேன். என்னைத் திருத்தியது புத்தகம் அன்று. என் உரையாடலைக் கேட்டுவிட்டு, “அந்த அம்மாளை நீ பேசவே விடவில்லை” என்று சொன்ன மேற்பார்வையாளர். அந்த வாக்கியம் தபாலில் வராது. நலவாழ்வுத் தொழிலர் ஆவதற்கான பட்டப்படிப்பு குறைந்தது 3,600 மணி நேரம் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் வகுத்திருப்பதும் இதனால்தான்.

ஆயினும் நாணயத்தின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். நகரங்களுக்கு வெளியே இருந்துகொண்டு இதுவரை உளவியல் படித்தவர்களில் பலர் யார்? தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலை செய்துகொண்டே மகளைத் தொலைநிலைப் படிப்பில் சேர்த்த தாயின் மகள். இரவுப் பணி முடித்துவிட்டுப் பகலில் படித்த செவிலியர். மனவளர்ச்சி குன்றிய தன் பிள்ளையைப் புரிந்துகொள்வதற்காகவே நாற்பது வயதில் புத்தகத்தைத் திறந்த பெண். இவர்களால் சென்னைக்கோ கோவைக்கோ சென்று விடுதியில் தங்கிப் படிக்க இயலாது. கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கே மாலையில் கடைசிப் பேருந்தைக் கணக்குப் பார்த்துத்தான் பெண்களைப் படிக்க அனுப்புகிறார்கள். அத்தகைய வீட்டில், உளவியல் படிக்க வேண்டுமானால் பெருநகருக்குப் போ என்று சொல்வது படிக்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

குறையுள்ள கதவைச் சாத்துவது சரியே. வேறு கதவைத் திறக்காமல் சாத்துவதுதான் தவறு. நேரடிப் பயிற்சி கட்டாயம் என்றால், பயிற்சி தரும் இடம் மக்களுக்கு அருகில் வர வேண்டும். கரிசல் வட்டாரத்து அரசு கலைக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் உளவியல் பட்டப்படிப்பு தொடங்கப்பட வேண்டும். வட்டத் தலைமை மருத்துவமனைகளும் எங்களைப் போன்ற மருத்துவமனைகளும் அம்மாணவர்களுக்குப் பயிற்சிக் களமாக அமைய வேண்டும். வேலை பார்ப்போருக்கு மாலை நேர வகுப்பும் வார இறுதி வகுப்பும் வேண்டும். முன்பே தொலைநிலையில் பட்டம் பெற்றவர்களை ஒதுக்கிவிடாமல், மேற்பார்வையோடு கூடிய இணைப்புப் பயிற்சி தர வேண்டும். இவற்றுக்கெல்லாம் பெரும் கட்டடங்கள் தேவையில்லை. ஆசிரியர்களும், ஓரிரு தனியறைகளும், நோயாளிகளின் இசைவுமே தேவை.

எந்த மொழியில் கேட்பது?

ஊருக்கு அருகில் என்று நான் வற்புறுத்துவதற்குத் தூரம் மட்டும் காரணம் அன்று. பாடநூலில் ‘மனச்சோர்வு’ என்று இருக்கிறது. என்னிடம் வந்த எவரும் இதுவரை “எனக்கு மனச்சோர்வு” என்று சொன்னதில்லை. “நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு”, “சோறு இறங்க மாட்டேங்கு”, “மேலெல்லாம் அசதியா கிடக்கு”, “தலை கிறுகிறுன்னு வருது” என்றே சொல்கிறார்கள். இவற்றை உடல் நோயாக மட்டும் எண்ணி மாத்திரை எழுதுவதும் தவறு. உடலைச் சோதிக்காமலேயே மனநோய் என்று முடிவு கட்டுவதும் தவறு. மழை பொய்த்த ஆண்டில் ஓர் உழவர் “காடு வெறிச்சோடிக் கிடக்கு” என்று சொன்னால், அவர் நிலத்தைப் பற்றித்தான் சொல்கிறாரா, தம்மைப் பற்றியும் சொல்கிறாரா என்று உணர, அந்தக் கரிசலில் கால் வைத்தவராக இருந்தால் நல்லது.

தமிழிலேயே இப்பயிற்சியைத் தர முடியுமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். போர்க் காலத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆசிரியர்களுக்கும் சமூக ஊழியர்களுக்கும் தமிழிலேயே பயிற்சி தந்து, ஊர்தோறும் துணையாளர்களை உருவாக்கினர். மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த இடத்தில் அப்பயிற்சியே பலருக்குத் தாங்கு கோலாயிற்று.

பட்டம் பெற்றவர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று. கோவாவில் மருத்துவர் விக்ரம் படேலும் குழுவினரும், மனநலத்துறைப் பட்டம் பெறாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் தந்து, மனச்சோர்வு கொண்டவர்களுக்கு 6 முதல் 8 அமர்வுகள் துணை வழங்கச் செய்தனர். 2017ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இத்துணையும் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியதைக் காட்டியது. ஜிம்பாப்வே நாட்டில் மருத்துவர் டிக்சன் சிபண்டா, பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்து மருத்துவ நிலையத்து மரத்தடிப் பெஞ்சில் அமர்த்தினார். அங்கும் நற்பயன் விளைந்ததை 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு உறுதி செய்தது. இவற்றைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, படிப்பே தேவையில்லை” என்று சிலர் முடிவு செய்கிறார்கள். அது பிழையான முடிவு. அந்தப் பாட்டிமார்களுக்குப் பின்னால் கற்பித்தவர்கள் இருந்தார்கள். இடர் வந்தால் யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடு இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஒருவர் வட்டாரத்தில் இருந்தால், பயிற்சி பெற்ற பத்துப் பேரை அவர் வழிநடத்தலாம். ஒருவரும் இல்லையெனில் அந்தப் பத்துப் பேரும் இல்லை.

குடும்பத்தார் அறிய வேண்டியவை

உங்களைத் துணைப்பணியாளரிடம் அனுப்பினால், உங்களுக்குப் பைத்தியம் என்று மருத்துவர் கருதிவிட்டதாக எண்ணாதீர்கள். நீண்ட நோய் எந்த மனத்தையும் களைப்படையச் செய்யும் என்பதே அதன் பொருள். எதிரில் அமர்ந்திருப்பவரிடம், “நீங்கள் என்ன படித்தீர்கள்? எங்கே பயிற்சி பெற்றீர்கள்?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அது அவமதிப்பாகாது. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று அதன்மேல் மனநல மருத்துவம் பயின்றவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் உளவியல் சோதனைகளையும் உளச்சிகிச்சையையும் செய்பவர். உளவளத்துணையாளர் கேட்டு, தெளிவடையத் துணை நின்று, தேவையானால் மேற்சொன்னவர்களிடம் அனுப்புபவர். தம் எல்லையை அறிந்து “இது என் கையில் இல்லை, இன்னாரிடம் செல்லுங்கள்” என்று சொல்பவரே நன்கு கற்றவர். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதாகச் சொல்பவரிடமும், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

“இவரிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடுமே” என்ற அச்சம் இயற்கையானது. தீப்பெட்டி ஆபீசில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் துயரத்தைச் சொல்லி ஆறுவது நம் பெண்களின் பழக்கம். அது அருமையான பழக்கமே. ஆனால் மாமியாரைப் பற்றியும் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டியவற்றை அங்கே சொல்ல இயலாது. உறவும் பகையும் இல்லாத ஒருவர் தேவைப்படுவது அதற்காகத்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியம் காக்கப்படுவதை மனநலம் குன்றியவரின் உரிமையாகவே வகுத்துள்ளது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற ஒரு சில சூழல்களே அதற்கு விலக்கு. மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள் ‘டெலி மானஸ்’ உதவி எண்ணாகிய 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் வேண்டுகிறேன். உங்கள் பிள்ளை உளவியல் படிக்க விரும்பினால், “அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?” என்று உடனே மறுத்துவிடாதீர்கள். கேள்வி நியாயமானதுதான், பணியிடங்கள் இன்னும் போதுமான அளவில் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் ஆண்டுக்கணக்கில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, எந்தப் பாடநூலும் தராத அறிவு முன்பே இருக்கிறது. அதற்கு ஒழுங்கும் பெயரும் தருவதே கல்வியின் வேலை.

அந்தப் பெரியவர் முதல் நாள் அரை மணி நேரம் பெரும்பாலும் பேசாமலேயே இருந்தார். நானும் பேசவில்லை. இரண்டாம் முறை வந்தபோது, விரல் போனதைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை என்று தெரிந்தது. மழை பெய்தால் கரிசல் மண் களிபோல் காலில் அப்பிக்கொள்ளும். புண்ணான காலோடு இனி அதில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று மகன் பேசத் தொடங்கியிருந்தான். தாம் இருக்கும்போதே தம்மைக் கேளாமல் வீடு முடிவெடுப்பதுதான் அவருடைய நெஞ்சில் கிடந்த கல். மூன்றாம் முறை மகனையும் அழைத்துவரச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள். நான் செய்தது, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டதுதான். பாதி நிலம் குத்தகைக்கு, பாதி மகன் பொறுப்பில், எதை விதைப்பது என்பது மட்டும் அப்பா சொற்படி என்று முடிவாயிற்று. அதன்பின் அவர் உணவு உண்ணத் தொடங்கியதாக மகள் சொன்னார்.

புறப்படும்போது பெரியவர் கேட்டார்: “இதுதான் கவுன்சிலிங்கா தாயி? நீ ஒண்ணுமே சொல்லலையே!”

அன்று அவரோடு பேத்தியும் வந்திருந்தாள். தாத்தா முன்னால் நடந்த பிறகு, தயங்கி நின்று, “அக்கா, இந்தப் படிப்பை எங்க போய்ப் படிக்கணும்?” என்று கேட்டாள். சில ஊர்களின் பெயரைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கேட்டு, “பக்கத்துல எங்கயும் இல்லையாக்கா?” என்றாள்.

கழுகுமலையின் மேல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணர் செதுக்கிய உருவங்களின் கீழுள்ள கல்வெட்டுகளில் ஆசிரியர்களின் பெயர்களும் மாணாக்கர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவர்களுள் குரத்தியர் என்று வழங்கப்பட்ட பெண் துறவியரும் உண்டு. பெண்கள் கற்பித்த குன்று அது. அதன் அடிவாரத்தில் வளரும் பெண்ணுக்குப் பக்கத்தில் எங்கும் இல்லை என்று நான் சொல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு பேத்தி கேட்கும்போது வேறு விடை சொல்ல வேண்டும். அதற்கான கோரிக்கையை ஊராட்சிக் கூட்டத்திலும், கல்லூரி நிருவாகத்திடமும், சட்டமன்ற உறுப்பினரிடமும் எழுப்ப வேண்டியவர்கள் நாமே. இத்துணையின் தேவையை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறியார்.